போர்த் பாலமும் முடிவுறாத பூச்சுவேலையும்

ஆங்கிலம் வழங்கும் நாடுகளில், குறிப்பாகப் பிரித்தானியாவில், முடிவில்லாத வேலை ஒன்றைக் குறிப்பதற்கு ஒரு வழக்கு உண்டு. அவ்வேலை "போர்த் பாலத்துக்குத் தீந்தை பூசுவது போன்றது" என்பார்கள். ஸ்கொத்லாந்தில் போர்த் நதியின் கழிமுகத்தைக் கடக்கும் மாபெரும் புகையிரதப் பாலத்துக்கு ஒரு முனையிலே பூசத் தொடங்கினால், மறுமுனையை அடைவதற்குள் தொடங்கிய இடத்தில் கறள் ஏறிவிடும்; ஆகவே பூசுவோர் திரும்பிச் சென்று மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவ்வழக்கின் கருத்து. பாராளுமன்றப் பேச்சிலும் பத்திரிகைத் தலையங்கத்திலும் சமையலறைச் சலிப்பிலும் இச்சொற்றொடர் நூறாண்டு காலமாக வழங்கி வந்திருக்கின்றது.

உண்மை அவ்வளவு ஒழுங்கானதன்று. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வரிசையாகப் பூசிக்கொண்டு செல்லும் முறை அங்கு எக்காலத்திலும் இருந்ததில்லை. காற்றும் உப்பும் மிகுதியாகத் தாக்கும் பகுதிகள் அடிக்கடியும், ஏனைய பகுதிகள் அருமையாகவும் கவனிக்கப்பட்டன. ஆயினும் பாலத்துக்கெனவே நிரந்தரமான ஒரு பராமரிப்புக் குழு இருந்தது என்பதும், அதன் கையிலிருந்த வேலை ஒருநாளும் தீர்ந்ததில்லை என்பதும் மெய்யே. கதை பொய்யானாலும் அதன் உட்பொருள் பொய்யன்று.

அந்த வேலை 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் முடிவுற்றது. பூச்சுவேலை முடிந்தது என்று முறையாக அறிவிக்கப்பட்ட செய்தியைக் கேட்டபோது, பழகிய உவமை ஒன்று கைநழுவிப் போயிற்றே என்று சிலர் வருந்தியதும் உண்டு. நூற்றிருபது ஆண்டுகளாக முடியாத ஒன்று எவ்வாறு முடிந்தது? புதிய தீந்தை கண்டுபிடிக்கப்பட்டது என்று பலர் விடை கூறுவர். அது பாதி விடையே. மறுபாதி, தீந்தையின் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலே இருக்கின்றது. பூசுவதற்கு முன்னர் உலோகத்தின் முகத்தை எவ்வாறு ஆயத்தஞ் செய்தார்கள் என்பதே அம்மறுபாதி.

பாலத்தின் வரலாறு ஓர் அழிவிலிருந்து தொடங்குகின்றது. 1879ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆந் திகதி இரவு வீசிய பெரும்புயலில், போர்த்துக்கு வடக்கேயுள்ள தே நதியின் பாலம் இடிந்து, அதன்மேற் சென்ற புகையிரதம் பயணிகளோடு நீரில் வீழ்ந்தது. வண்டியிலிருந்தவர்களுள் ஒருவரும் உயிர் தப்பவில்லை. அப்பாலத்தை வகுத்த தோமசு பவுச் என்பவரே போர்த் நதிக்கும் ஒரு தொங்கு பாலம் வரைந்திருந்தார். அந்த வரைபடம் அதனோடு கைவிடப்பட்டது. ஜோன் பவுலர், பென்சமின் பேக்கர் என்னும் இரு பொறியியலாளர்கள் அவ்விடத்தில் வேறொரு பாலத்தை வகுத்தனர். காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு 56 இறாத்தல் எனக் கொண்டு கணக்கிட வேண்டும் என்பது அரசாங்கத்தின் நிபந்தனை. தே பாலத்தின் நினைவு மக்கள் மனத்தை விட்டு நீங்காத காலமாதலால், பாலம் உறுதியாக இருந்தால் மட்டும் போதாது, உறுதியாகத் தோன்றவும் வேண்டும் என்ற எண்ணம் நிலவியது. இன்று அதனைப் பார்ப்போர் எவரும் அந்நோக்கம் நிறைவேறவில்லை எனக் கூறார்.

பிரித்தானியாவில் உருக்கினாற் பாலங் கட்டுவதற்கு 1877ஆம் ஆண்டு வரையில் அனுமதி இருக்கவில்லை. தேனிரும்பே அதுகாறும் பயன்பட்டது. ஆகவே போர்த் பாலம் உருக்கைப் பெருமளவிற் கையாண்ட முதல் முயற்சிகளுள் ஒன்றாயிற்று. வில்லியம் அரோல் என்னும் ஒப்பந்தகாரரின் தலைமையில் ஏறத்தாழ 53,000 தொன் உருக்கும், அறுபத்தைந்து இலட்சம் தறையாணிகளும் கொண்டு அது எழுந்தது. நீளம் ஏறக்குறைய இரண்டரைக் கிலோமீற்றர். இரு பெரும் இடைவெளிகள் ஒவ்வொன்றும் 521 மீற்றர். 1890ஆம் ஆண்டு மார்ச் 4ஆந் திகதி வேல்சு இளவரசர் அதனைத் திறந்து வைத்தார். கட்டும்போது மாண்ட தொழிலாளர் 57 பேர் என நெடுங்காலம் எழுதி வந்தார்கள். உள்ளூர் ஆராய்ச்சியாளர்கள் பிற்காலத்திற் பதிவேடுகளைத் துருவிப் பார்த்து, 73 பேரின் இறப்பைக் கண்டறிந்தனர். தறையாணிகளை இலட்சக்கணக்கில் எண்ணி வைத்தவர்கள் மனிதரை எண்ணுவதிற் பிழைவிட்டார்கள்.

உருக்கு வலிமையானது, ஆனால் வலிமை வேறு, நிலைபேறு வேறு. நீரும் ஒட்சிசனும் சேர்ந்த இடத்தில் இரும்பு தான் வந்த வழியே திரும்பிச் செல்ல முயல்கின்றது. மண்ணிலிருந்து எடுத்துப் பெருஞ்செலவில் உருக்கிப் பிரித்த உலோகம் மீண்டும் செம்மண்ணாக மாறும் செயலே கறளேறுதல். கடலின் உப்பு அச்செயலை விரைவுபடுத்துகின்றது. போர்த் பாலம் நிற்குமிடம் கடல்நீர் ஏறியிறங்கும் கழிமுகம். நமது நாட்டின் கரையோர ஊர்களில் வாழும் நேயர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. வாயிற் கதவுக்கு ஆண்டுதோறும் தீந்தை பூசியும், அடுத்த ஆண்டு அதே இடத்தில் அதே கொப்புளம் எழுவதை அவர்கள் கண்டிருப்பார்கள். கொப்புளத்தை உடைத்தால் உள்ளே செந்தூள் இருக்கும். பூசியவன் தீந்தையைக் குறை கூறுவான். கடைக்காரன் பூசியவனைக் குறை கூறுவான். பிழை பெரும்பாலும் பூசுவதற்கு முந்திய நாளிலே நிகழ்ந்திருக்கும்.

உருக்காலையிலிருந்து வரும் புதிய தகட்டில் கறள் இல்லையே, அதில் உடனே பூசினால் என்ன என்று கேட்கலாம். இங்கேதான் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பொறியியலாளர்களை அலைக்கழித்த ஒரு வஞ்சனை ஒளிந்திருக்கின்றது. செந்தழலாகக் காய்ச்சிய உருக்கை உருளைகளுக்கிடையே அழுத்தித் தகடாக்கும்போது, அதன் மேற்பரப்பு காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடி, நீலங்கலந்த கருநிறமுடைய மெல்லிய ஓடு ஒன்றைத் தோற்றுவிக்கின்றது. இதனை உருளைச் செதில் எனலாம். பார்வைக்கு அழகானது, வழவழப்பானது, உலோகத்தின் தோல் போலவே தோன்றுவது. அதனை ஒரு காப்பு என்றே பலரும் கருதினர். ஆனால் வெப்பத்தாலும் குளிராலும் உருக்கு விரிந்து சுருங்கும் அளவுக்கு அந்த ஓடு ஈடுகொடுப்பதில்லை. நுண்ணிய வெடிப்புகள் விழுகின்றன. வெடிப்பின் வழியே ஈரம் புகும்போது, செதிலும் உருக்கும் ஒரு மின்கலத்தின் இரு தகடுகளைப் போலாகின்றன. அழிவது செதிலன்று, அதன் கீழுள்ள உருக்கு. பரந்த செதிற்பரப்பு முழுவதன் தாக்கமும் ஒரு சிறு வெடிப்பிற் குவிவதால், அவ்விடத்தில் உலோகம் குழி விழுந்து அரிக்கப்படுகின்றது. பின்னர்ச் செதில் தானே கழன்று விழும். அதன்மேற் பூசிய தீந்தை எவ்வளவு உயர்ந்ததாயினும் அதனோடு சேர்ந்தே விழும்.

போர்த் பாலத்தைக் கட்டியவர்கள் அசட்டையாக இருந்தார்கள் என எண்ணலாகாது. ஒவ்வொரு தகடும் பட்டறையிலிருந்து வெளியேறும் முன்னர் உருக்குச் சுரண்டிகளாலும் கம்பித் தூரிகைகளாலும் தேய்க்கப்பட்டது. உடனே கொதித்த ஆளிவிதை எண்ணெய் சூடாகப் பூசப்பட்டது. அதன்மேல் ஈயச் செந்தூரம். பாலத்திற் பொருத்தியபின் மீண்டும் ஈயச் செந்தூரம். இறுதியாக இரும்பொட்சைட்டுத் தீந்தை இருமுறை. முதலிற் கருங்கபிலமாகவும் பின்னர் செந்நிறமாகவும். பெருங்குழாய்களின் உட்புறத்தில் வெள்ளீயத் தீந்தை பூசினர். எடின்பரோவைச் சேர்ந்த கிரெயிக் அன்ட் றோசு நிறுவனம் பாலத்துக்கு நெடுங்காலம் தீந்தை வழங்கியது. இத்துணைக் கவனத்தோடு செய்யப்பட்ட பூச்சு அக்காலத்தில் உலகில் வேறெங்கும் அருமையாகவே இருந்திருக்கும்.

ஆயினும் கையினாற் சுரண்டுதல் கையினாற் சுரண்டுதலே. தளர்ந்த செதிலை அது நீக்கும். இறுகப் பற்றியிருக்கும் செதிலை நீக்காது. மேட்டிலுள்ள கறளை அகற்றும், குழியிலுள்ளதை அகற்றாது. கம்பித் தூரிகை சில வேளைகளிற் கறளை எடுப்பதற்குப் பதிலாக அதனை மெருகூட்டி விடுகின்றது. பளபளக்கும் மேற்பரப்பைக் கண்ட மேற்பார்வையாளர் தூய்மையாயிற்று என நம்புவார். ஆளிவிதை எண்ணெயும் ஈயமும் இக்குறையை ஓரளவு பொறுத்துக்கொண்டன என்பதும் கூறத்தக்கது. எண்ணெய் மெல்ல உலர்வதாதலால் எஞ்சிய கறளினுள்ளே ஊறிச் செல்லும். ஈயம் எண்ணெயோடு கூடி, கறளேறுதலைத் தடுக்கும் சேர்வைகளை உண்டாக்கும். பழங்காலத் தீந்தை ஒரு பொறுமைசாலி. அதன் பொறுமையே மனிதரை முகத்தைத் தூய்மை செய்வதிற் சோம்பலுறச் செய்தது எனவும் சொல்லலாம்.

வேறு வழிகள் அறியப்படாமலில்லை. பிரித்தானியக் கடற்படையினர், கப்பல்களின் அடித்தகடுகளிற் செதில் செய்யும் தீங்கைக் கண்டு, தகடுகளை நீர்த்த ஐதரோக்குளோரிக் அமிலத்தில் தோய்த்துச் செதிலை முற்றாக நீக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும் என விதித்தனர். கப்பலின் தகடு என்பதால் அச்செலவு ஒப்புக்கொள்ளப்பட்டது. பாலத்தின் தகட்டுக்கு அவ்வளவு செலவிட எவரும் விரும்பவில்லை. தகடுகளை மாதக்கணக்கில் வெளியிலே மழையில் நனையவிட்டு, கறளானது செதிலைத் தள்ளி விழுத்தியபின் தேய்த்துப் பூசுவது இன்னொரு முறை. கறளைத் தடுப்பதற்குக் கறளையே ஏவலாளாக அமர்த்தும் இம்முறை சிக்கனமானதாகத் தோன்றிற்று. ஆனால் அந்த ஏவலாள் வேலை முடிந்ததும் போய்விடுவதில்லை, குழிகளிலே தங்கிவிடுகின்றான். சிறு பொருள்களுக்கு 1906ஆம் ஆண்டில் பேர்மிங்காமைச் சேர்ந்த தோமசு வாற்சு கோசிலெற் பொசுபோரிக் அமிலத்தினாற் பதப்படுத்தும் முறைக்கு உரிமை பெற்றார். இன்று மோட்டார் வண்டி உடல்களுக்குப் பூசுமுன் செய்யப்படும் பொசுபேற்றுப் பதப்படுத்தல் அதன் வழித்தோன்றலே. பாலத்தை அமிலத்தொட்டியில் இறக்க இயலாது என்பது வெளிப்படை.

பாலத்துக்குரிய விடை, பாலம் கட்டப்படுவதற்கு முன்னரே அத்திலாந்திக்குக்கு அப்பாற் பிறந்திருந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த பெஞ்சமின் சூ தில்மன் என்பவர் 1870ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் அமெரிக்காவில் ஓர் உரிமையைப் பதிவு செய்தார். நீராவியின் அல்லது காற்றின் வேகத்தால் மணலை ஒரு குழாய் வழியே செலுத்திக் கடினமான பொருள்களைச் செதுக்குவதே அவரது கருவியின் தொழில். தில்மன் பல திறங்கள் வாய்ந்தவர்; அமெரிக்க உள்நாட்டுப் போரிற் கறுப்பின வீரர்கள் கொண்ட படைப்பிரிவொன்றுக்குத் தலைமை வகித்தவர்; மரக்கூழைச் சல்பைற்று முறையிற் கடதாசிக்கு ஆக்கும் வழியையும் கண்டறிந்தவர். பாலைநிலத்திற் காற்றோடு வந்த மணல் சாளரக் கண்ணாடிகளைத் தேய்த்து மங்கலாக்கியதைக் கண்டே அவருக்கு இவ்வெண்ணம் தோன்றிற்று என ஒரு கதை வழங்குகின்றது. கண்டுபிடிப்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கதையைச் சூட்டாமல் உலகம் அமைவதில்லை. எவ்வாறாயினும், முதலில் அக்கருவி கண்ணாடியில் ஓவியம் பொறிக்கவும் கல்லில் எழுத்து வெட்டவுமே பெரிதும் பயன்பட்டது. வார்ப்பாலைகள் பின்னர் அதனை ஏற்றுக்கொண்டன.

மணல் வீச்சு இரு காரியங்களை ஒருங்கே செய்கின்றது. செதிலையும் கறளையும் பழைய பூச்சையும் குழியின் அடிவரை சென்று பெயர்த்தெடுப்பது ஒன்று. உருக்கின் முகத்தை நுண்ணிய மேடுபள்ளங்கள் நிறைந்ததாக ஆக்குவது மற்றொன்று. அம்மேடுபள்ளங்களின் உயரம் மில்லிமீற்றரின் இருபதிலொரு பங்கு அளவே. ஆயினும் தீந்தை பற்றிக்கொள்வதற்கு அதுவே பிடிமானம். வழவழப்பான பரப்பிலே தீந்தை மேலே கிடக்கின்றது. சொரசொரப்பான பரப்பிலே வேரூன்றி நிற்கின்றது.

இவ்வளவு சிறந்த முறைக்கு ஒரு விலை இருந்தது. அதனைக் கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். மணல் உலோகத்தில் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத சிலிக்காத் தூள் எழுகின்றது. அது மூச்சோடு சென்று சுவாசப்பையிற் படிந்து தழும்பாகி, சில ஆண்டுகளில் மனிதனை மூச்சுவிட இயலாதவனாக ஆக்குகின்றது. அந்நோய்க்கு மருந்து இல்லை. முகமூடிகளும் கவசங்களும் வந்தன, அவையும் போதவில்லை. பிரித்தானியா 1949ஆம் ஆண்டு விதிகளினால், தொழிற்சாலைகளில் வார்ப்புகளையும் பிற பொருள்களையும் தூய்மை செய்வதற்கு மணலைப் பயன்படுத்துவதைத் தடை செய்தது. அதன்பின் உருக்குத் துகள்களும், சிலிக்கா கலவாத கனிமத் துகள்களும் மணலின் இடத்தைப் பிடித்தன. இந்தப் பாடத்தை உலகம் ஒரே தடவையிற் கற்றுக்கொள்ளவில்லை. புதிய காற்சட்டைத் துணியைப் பழையது போலத் தோன்றச் செய்வதற்காக அதன்மேல் மணல் வீசிய துருக்கி நாட்டு இளைஞர்கள் அதே நோயினால் மாண்டனர். அந்நாடு 2009ஆம் ஆண்டிலேயே அதனைத் தடை செய்தது. பாலத்தைக் காப்பதற்கு நேர்ந்த இழப்பையாவது ஒருவாறு விளங்கிக்கொள்ளலாம். துணியின் சாயத்தை மங்கச் செய்வதற்கு உயிரிழந்தமைக்கு என்ன சமாதானங் கூறுவது?

தூய்மை செய்யும் கருவி கிடைத்ததும், தூய்மை என்றால் என்ன என்ற வழக்கு எழுந்தது. ஒப்பந்தகாரர் தூய்மை என்பார். மேற்பார்வையாளர் இல்லை என்பார். இருவருக்கும் பொதுவான அளவுகோல் இல்லை. இவ்வழக்கைத் தீர்த்தவர்கள் சுவீடன் நாட்டவர். சொற்களால் விளக்குவது பயனற்றது எனக் கண்ட அவர்கள் வர்ணப் புகைப்படங்களைத் தொகுத்து ஒரு நியமமாக வெளியிட்டனர். 1967ஆம் ஆண்டுப் பதிப்பே உலகெங்கும் பரவியது. கறளேறிய நிலைகள் நான்கு: செதில் முழுவதும் பற்றியிருப்பது, செதில் கழலத் தொடங்கியது, செதில் போய்க் கறள் பரவியது, குழிகள் கண்ணுக்குத் தெரிவது. வீச்சினால் தூய்மை செய்யும் படிகளோ ஒன்று, இரண்டு, இரண்டரை, மூன்று எனப்பட்டன. இந்த இரண்டரை வேடிக்கையானது. மூன்று என்பது மாசு மறுவற்ற வெண்மை. அதனை அடையும் செலவு மிகப் பெரிது. இரண்டு என்பதோ போதாது. இடையிலே, நிழல் போன்ற மெல்லிய கறைகள் மாத்திரம் எஞ்சியிருக்கும் நிலையை இரண்டரை எனக் குறித்தனர். இன்று உலகின் பெரும்பாலான உருக்குக் கட்டடங்களும் கப்பல்களும் இந்த இரண்டரையின் மேலேயே பூசப்படுகின்றன. சர்வதேச நியம நிறுவனம் 1988ஆம் ஆண்டில் அப்படங்களைத் தன் நியமமாக ஏற்றுக்கொண்டது. தகட்டின் அருகிற் படத்தைப் பிடித்து ஒப்பிட்டுப் பார்த்தால் வாக்குவாதம் தீர்ந்தது.

இக்காலமெல்லாம் போர்த் பாலத்தில் நிகழ்ந்தது என்ன? கட்டியவர்கள் வைத்த செதிலும், முதற் பூச்சும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே இருந்தன. பராமரிப்போர் கறள் தோன்றிய இடத்தைச் சுரண்டினர், பூசினர், சில ஆண்டுகள் கழித்து மீண்டும் சுரண்டிப் பூசினர். அடுக்கின்மேல் அடுக்காகத் தீந்தை ஏறிற்று. தடித்த பூச்சு நல்ல காப்பு என்பது பாமரர் எண்ணம். பழையதான எண்ணெய்ப்பூச்சு இறுகி நொய்ந்து, பாலத்தின் அசைவுக்கும் வெயிலுக்கும் இடங்கொடாது வெடிக்கின்றது. வெடிப்பின் வழியே உப்புநீர் புகுந்து, மேலே பூச்சு முழுமையாகத் தோன்றும்போதே கீழே உலோகத்தைத் தின்கின்றது. முடிவுறாத வேலை என்ற பழமொழியின் காரணம் பாலத்தின் நீளமன்று. அடியிலிருந்த நோயை அகற்றாமல் மேலே மருந்து பூசி வந்தமையே காரணம். இதில் அத்தொழிலாளரைக் குறை கூற இடமில்லை. நூறு மீற்றருக்கு மேற்பட்ட உயரத்தில், கடற்காற்றில், கையிற் சுரண்டியோடும் வாளியோடும் நின்றவர்களிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நீதியாகாது.

1990களில் அந்த வழக்கமான கவனிப்பும் குறைந்தது. பிரித்தானியப் புகையிரத சேவை தனியார்மயமாக்கப்பட்ட காலத்தில் பாலத்தின் பொறுப்பு கைமாறியது. நிரந்தரக் குழு வைத்துப் பூசும் முறை கைவிடப்பட்டது. பாலம் செங்கறள் படிந்து தோன்றிற்று. பத்திரிகைகளும் பாராளுமன்றத்தினரும் குரல் எழுப்பினர். பாலத்தின் வலிமைக்கு ஆபத்தில்லை என அதிகாரிகள் கூறினார்கள்; அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கறளுக்குப் பொறுமை மிகுதி. அதிகாரிகளின் பதவிக்காலமோ குறுகியது.

2002ஆம் ஆண்டில் முற்றிலும் புதிய முறையில் வேலை தொடங்கிற்று. பல்போர் பீற்றி என்னும் நிறுவனம் ஒப்பந்தகாரர். ஏறத்தாழ 230,000 சதுர மீற்றர் பரப்பு. பாலத்தின் வரலாற்றில் முதன்முறையாக, 1890ஆம் ஆண்டு முதல் ஏறியிருந்த பூச்சடுக்குகள் அனைத்தையும் நீக்கி, வெறும் உருக்கு வெளிப்படும்வரை துகள் வீசித் தூய்மை செய்வதென முடிவாயிற்று. பகுதி பகுதியாகச் சாரங்கட்டி, அதனைச் சுற்றித் திரையிட்டு மூடினர். திரைக்கு இரு காரணங்கள். பழைய பூச்சில் ஈயம் நிறைந்திருந்தது. அதன் தூள் கழிமுகத்தில் விழலாகாது. உள்ளே காற்றின் ஈரத்தையும் வெப்பத்தையும் கட்டுப்படுத்தவும் வேண்டும். புகையிரதங்கள் இடைவிடாது ஓடிக்கொண்டிருக்க, தொழிலாளர்கள் வெளியிலிருந்து காற்று வழங்கும் தலைக்கவசம் அணிந்து திரைக்குள்ளே வேலை செய்தார்கள். வெளியிலிருந்து பார்ப்போருக்குப் பாலம் ஆண்டுக்கணக்கிற் கட்டுப்போட்ட நோயாளி போலக் காட்சியளித்தது.

வீச்சினால் வெண்சாம்பல் நிறமாக வெளிப்படும் உருக்கைப் போல மென்மையான பொருள் வேறில்லை எனலாம். ஈரக்காற்றுப் பட்டால் சில மணி நேரத்திற்குள் அது மீண்டும் செம்மை பூக்கத் தொடங்கும். கைவிரல் பட்ட இடத்தில் வியர்வையின் உப்பு தங்கும். குழிகளின் அடியிலுள்ள உப்பு, கறள் போனபின்னும் ஒளிந்திருக்கக்கூடும். அதன்மேற் பூசினால் உப்பு தீந்தையினூடே நீரை ஈர்த்துக் கொப்புளம் எழுப்பும். ஆகவே தூய்மை செய்த பகுதி அன்றைக்கே பூசப்பட வேண்டும். உருக்கின் வெப்பநிலை பனிநிலையிலும் குறைந்தது மூன்று பாகை கூடியிருத்தல் வேண்டும் என்பது இத்தொழிலின் பொதுவிதி. இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத பனிப்படலத்தின்மேல் தீந்தை அமரும். ஸ்கொத்லாந்தின் குளிர்காலத்தில் இவ்விதியைக் காப்பது எத்துணைக் கடினம் என்பதை எண்ணிப் பார்க்கலாம். பூசுவதைக் காட்டிலும் பூசக் காத்திருப்பதும், பூசுவதற்கு ஆயத்தஞ் செய்வதுமே காலத்தை விழுங்கின. தறையாணித் தலைகளையும் தகட்டு விளிம்புகளையும் தனியே தூரிகையாற் பூச வேண்டியிருந்தது. ஏனெனில் தெளிக்கும் தீந்தை கூரிய விளிம்பிலிருந்து விலகி மெலிந்துவிடும். தறையாணிகளோ அறுபத்தைந்து இலட்சம்.

தூய்மையான உருக்கின்மேல் மூன்று பூச்சுகள் ஏறின. முதலாவது நாகப் பொசுபேற்று கலந்த எபொட்சி, அது மெல்லியது. இரண்டாவது, நுண்ணிய கண்ணாடிச் செதில்கள் கலந்த தடித்த எபொட்சி. கூரை ஓடுகள் ஒன்றன்மேலொன்று படிந்திருப்பது போலச் செதில்கள் படுத்துக்கொள்வதால், நீர் நேரே உட்செல்ல வழியின்றிச் சுற்றிச்சுற்றி அலைய வேண்டியிருக்கும். மூன்றாவது, வெயிலைத் தாங்கும் பொலியுரேதேன். நிறம் மாத்திரம் பழைய செந்நிறமே. வடகடலின் எண்ணெய் மேடைகளைக் காப்பதற்காக வகுக்கப்பட்ட முறை இது. மூன்றும் சேர்ந்து அரை மில்லிமீற்றர் தடிப்பும் இல்லை. ஆனால் இந்தப் பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெயின் பொறுமை கிடையாது. எஞ்சிய கறளின் மேலோ செதிலின் மேலோ பூசினால் அது தகடு தகடாக உரிந்துவிடும். பழைய முறையில் தயாரித்த பரப்பிற் புதிய தீந்தையைப் பூசியிருந்தால், செலவு வீணாகியிருக்கும், பழமொழியும் உயிரோடிருந்திருக்கும்.

பத்தாண்டு வேலைக்கு ஏறத்தாழ 13 கோடி பவுண் செலவாயிற்று. சாரத்துக்கும் திரைக்கும் துகள் வீச்சுக்கும் ஈயக்கழிவை அகற்றுவதற்கும் பின்னரே தீந்தையின் விலை கணக்கில் வருகின்றது. புதிய பூச்சு குறைந்தது 25 ஆண்டுகள் நிலைக்கும் எனப் பொறியியலாளர் எதிர்பார்த்தனர். 2015ஆம் ஆண்டில் யுனெசுக்கோ நிறுவனம் பாலத்தை உலக மரபுச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது.

போர்த் பாலத்துக்கு ஓராண்டு மூத்த பாரிசு நகர் ஈபல் கோபுரத்தை இங்கே ஒப்புநோக்கலாம். அது தேனிரும்பினாலானது, 1889ஆம் ஆண்டிலிருந்து சராசரியாக ஏழாண்டுக்கு ஒருமுறை, ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ 60 தொன் தீந்தையோடு, பழைய அடுக்குகளின் மேலேயே பூசப்பட்டு வந்தது. கோபுரத்தை அமைத்த குசுத்தாவ் ஈபல், அதன் ஆயுள் பூச்சைப் பொறுத்தே இருக்கின்றது என்பதை நன்குணர்ந்தவர். இந்நூற்றாண்டின் தொடக்கத்திற் பூச்சிலிருந்து ஈயம் நீக்கப்பட்டது. ஆனால் கீழடுக்குகளில் இருந்த ஈயம் இருந்தபடியே இருந்தது. இருபதாம் முறைப் பூச்சு 2019ஆம் ஆண்டில் தொடங்கியபோது, கோபுரத்தின் ஒரு பகுதியிலாவது பழைய அடுக்குகளைக் களைந்துவிட வேண்டும் எனத் திட்டமிட்டனர். 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில், வேலைத்தளத்தில் ஈயத்தூள் அளவுக்கு மிஞ்சியிருப்பது கண்டு வேலை நிறுத்தப்பட்டது. திரையிட்டு மூடிப் பத்தாண்டு காத்திருக்கும் வசதி, நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் ஏறியிறங்கும் கோபுரத்துக்கு இல்லை.

போர்த் பாலத்தில் இப்போது நிரந்தரப் பூச்சுக்காரர் இல்லை. கயிற்றிற் தொங்கியும் மேடைகளில் நின்றும் பரிசோதகர்கள் பாலத்தின் பகுதிகளைப் பார்வையிட்டு, எங்கேனும் கீறலோ கொப்புளமோ கண்டால் குறித்துக்கொள்கின்றார்கள். குறித்த இடத்தை மட்டும் உருக்கு வெளிப்படும்வரை தூய்மை செய்து, மூன்று பூச்சுகளையும் அதே ஒழுங்கில் மீண்டும் பூசுவதே அங்கு இன்றைய வழக்கம்.